எட்டாம் மிதவையில் இரைச்சல்

தூத்துக்குடிக் கரையில் நின்று பார்த்தால் எட்டாம் மிதவை தண்ணீரில் விட்ட சோப்புப்பெட்டி மாதிரித் தெரியும். உள்ளே அறுபது வீடுகள். சுற்றிலும் கடல்மேல் நட்ட காற்றாலைகள். அவற்றைக் கவனித்துக்கொள்கிறவர்களும் அவர்கள் குடும்பங்களும்தான் குடியிருப்பு. சுவர், தரை, கூரை எல்லாம் இரும்பு. இரும்புக்கு ரகசியம் காக்கத் தெரியாது. மூன்றாம் வீட்டில் தாளித்தால் ஒன்பதாம் வீட்டில் கடுகு வெடிக்கும். யாருக்கு இருமல், யாருக்குக் குறட்டை, எந்த மாமியார் எந்த மருமகளை என்ன சொன்னாள் என்பதெல்லாம் அங்கே பொதுச்சொத்து.

அப்படிப்பட்ட ஊரில் சண்டை போடுகிறவர்கள் எப்படிப் பிழைப்பது? அதற்கும் ஒரு வழக்கம் வைத்திருந்தார்கள். ஒரு வீட்டில் குரல் எல்லை மீறினால் பக்கத்து வீட்டிலிருந்து யாராவது டம்ளரோடு போய்க் கதவைத் தட்டுவார்கள். "கொஞ்சம் உறைமோர் இருக்கா?" அவ்வளவுதான். சண்டையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கக் கூடாது. உள்ளே இருப்பவர்களும் முகத்தைத் துடைத்துக்கொண்டு மோர் எடுத்துக் கொடுப்பார்கள். அதற்குள் சூடு இறங்கியிருக்கும். வீட்டில் பாலே வாங்காதவர்கள்கூட உறைமோர் கேட்டுப் போனதுண்டு. அதை யாரும் ஏனென்று கேட்டதில்லை.

இந்தக் கலையில் முதலிடம் பன்னிரண்டாம் வீட்டு ஜெனிட்டாவுக்கு. புள்ளியியல் படித்தவள். காற்றாலைகள் நாளெல்லாம் அனுப்புகிற எண்களை வீட்டிலிருந்தபடியே சலித்து, பதரைத் தள்ளி, மணியை நிர்வாகத்துக்கு அனுப்புவது உத்தியோகம். எண்களைவிட மனிதர்களைச் சலிப்பதில்தான் அவளுக்கு ருசி என்பது வேறு விஷயம். பக்கத்து வீட்டில் பியூலாவின் குரல் உயர்ந்தால் டம்ளர் தானாக இவள் கைக்கு வந்துவிடும். போனதெல்லாம் பியூலாவின் கணவன் எட்வினைக் காப்பாற்றத்தான். எட்வின் ஒலிப் பொறியாளன். பூனை நடப்பதுபோலப் பேசுகிறவன். சுவரைத் தாண்டி வந்தது எப்போதும் பியூலாவின் குரல்தான். "அந்தத் தம்பி வாயத் தொறந்து நான் கேட்டதில்ல. எப்படித்தான் காலந்தள்ளுதானோ" என்று ஊரெல்லாம் சொல்லி, பியூலாவுக்கு வாயாடி என்று பெயர் வாங்கிக் கொடுத்ததும் நம் ஜெனிட்டாதான்.

இப்படி இருக்கையில் நிர்வாகம் மௌனப்பலகை கொண்டுவந்தது.

சுவரெல்லாம் ஒட்டுகிற மெல்லிய பலகை. வருகிற ஒலிக்குச் சரியாக எதிர் ஒலி எழுப்பி இரண்டையும் ஒன்றுமில்லாமல் ஆக்கிவிடும். எந்த ஒலியையும் எடுக்க அதற்குத் தெரியும். எதை எடுப்பது என்றுதான் தெரியாது. இரைச்சலை எடு என்றால், இரைச்சல் என்றால் என்ன என்று கேட்டது. அதைச் சொல்ல ஒரு நால்வர் குழு சங்க அறையில் கூடியது. நடுவில் ஒரு தட்டு உளுந்தவடை.

முதலில் வாயைத் துடைத்தவர் சங்கச் செயலாளர் வக்கீல் சுடலைமுத்து. "இதுல யோசிக்க என்ன இருக்கு? அளவுக்கு மேல போகணும். போனா மட்டும் பத்தாது, ஒருத்தர் புகார் குடுக்கணும். புகார் இல்லேன்னா அது வெறும் சத்தம்."

"எங்கிட்ட வாரவங்களுக்கு வெளிய ஒரு சத்தமும் இருக்காதே" என்றாள் டாக்டர் மீனாம்பிகை. "காதுக்குள்ள இரைச்சல்னு வருவாங்க. அவங்களுக்கு மட்டும்தான் கேக்கும். மத்தவங்களுக்கும் கேட்டுச்சுன்னா அது இரைச்சலே இல்ல, வீட்டுக்குப் போங்கன்னு அனுப்பிருவேன்."

ஜெனிட்டா விடுவாளா? "அம்பத்தொம்பது காத்தாடி ஒரே மாதிரி எண் அனுப்புது, ஒண்ணே ஒண்ணு கோணலா அனுப்புது. அந்த ஒண்ணுதான் இரைச்சல். அதத் தூக்கிப் போட்டுட்டுத்தான் கணக்கே ஆரம்பிக்கும்."

"அந்த ஒண்ணு சொல்லுததுதான் நெசம்னா?"

"ஒருத்தன் சொல்லுத நெசத்துக்காக ஊரையே கணக்குல இருந்து தள்ள முடியுமா டாக்டரம்மா?"

கடைசியாக எட்வின் மெல்லத் தொண்டையைச் செருமினான். "கேக்குறவருக்கு வேண்டாத ஒலி. எங்க பாடத்துல முத வரி அதுதான். அளவு முக்கியமில்ல, ஆள்தான் முக்கியம். பிள்ள அழுகை தாய்க்கு இரைச்சல் இல்ல. பக்கத்து வீட்டுக்காரருக்கு இரைச்சல்."

"அப்ப பக்கத்து வீட்டுக்காரன் வச்சதுதான் சட்டமா?" என்று எகிறினார் வக்கீல்.

வடை தீர்ந்தது, வழக்குத் தீரவில்லை. நாலு பேரும் ஆயுள் முழுக்க ஒரே சொல்லைத்தான் வாயில் போட்டு மென்றிருக்கிறார்கள். ஒவ்வொரு வாயிலும் ஒவ்வொரு ருசி. கடைசியில் நாலு விளக்கத்தையும் அப்படியே இயந்திரத்திடம் கொடுத்தார்கள். நாலில் ஒன்றைத் தேர்ந்தெடு என்று அது கேட்கவில்லை. நாலையும் வாங்கி விழுங்கிக்கொண்டது.

"இன்னொண்ணு" என்றான் எட்வின். "வீட்டுக்கு வீடு சத்தம் போகாது. அதுபோக ஒவ்வொரு வீட்டுக்குள்ளயும் ஒரே ஒரு எடத்துல பலகை இன்னும் நுணுக்கமா வேல செய்யும். ஒரு ஆள் உக்காருற அளவு எடம். அதுல யாரு உக்காருவாங்கன்னு வீட்டுக்காரங்களே சொல்லிரலாம். அவருக்கு எது வேண்டாம்னு பலகை தானாப் படிச்சுக்கும்."

அநேகமாக எல்லா வீட்டிலும் ஆம்பளையின் நாற்காலியைக் காட்டினார்கள். வீட்டிலிருந்தே வேலை பார்க்கிற ஒன்றிரண்டு பேர் தங்கள் மேசையைக் காட்டினார்கள்.

பிறகென்ன, சொர்க்கம்தான். காற்றாலையின் உறுமல் போயிற்று. குழந்தைகள் பகலில் தூங்கின. சண்டைக்காரர்கள் சுதந்திரமாகச் சண்டை போட்டார்கள், அல்லது போடவில்லை, யாருக்குத் தெரியும்? டம்ளர்கள் அலமாரி ஏறின. ஜெனிட்டா மட்டும் ஊரே அசந்து செத்துக் கிடப்பதுபோல இருப்பதாகப் புலம்பினாள். பியூலா அடங்கிவிட்டாள் என்று எல்லோரும் பேசிக்கொண்டார்கள். சங்க விழாவில் அவளுக்கும் எட்வினுக்கும் முன்வரிசையில் நாற்காலி போட்டார்கள்.

அந்தப் பியூலாதான் ஒரு நாள் காலையில் இரண்டு பெட்டிகளோடு படகுத்துறையில் நின்றாள். எட்வின் மூச்சிரைக்க ஓடிவந்தான்.

"எங்க போற?"

"பாளையங்கோட்டைக்கு. பள்ளிக்கூடத்துல திங்கக்கெழம சேரணும்லா."

"எந்தப் பள்ளிக்கூடம்? என்ன சேரணும்?"

பியூலா பெட்டியைக் கீழே வைத்தாள். "ஒரு மாசமாச் சொல்லுதேனே! கணக்கு டீச்சர் வேல கெடச்சிருக்கு, போகவான்னு கேட்டேன். சிரிச்சுக்கிட்டே தலையாட்டினிய!"

"எங்கிட்ட நீ ஒரு வார்த்த சொல்லல பியூலா."

அதை அவன் சொன்ன பதவிசு இருக்கிறதே, துறையில் நின்ற அத்தனை பேரும் நம்பிவிட்டார்கள். அவன் பொய் சொல்லுகிற ஆளும் இல்லை. இது முதல் தடவையும் இல்லை. முன்பு ஒருமுறை, எனக்குக் காய்ச்சல் என்று சொன்னேன் என்றாள். அவன் சொல்லவில்லை என்றான். அப்பாவின் நினைவு நாளுக்குப் போக வேண்டும் என்று சொன்னேன் என்றாள். அதற்கும் அதே பதில். அப்போதே டாக்டர் மீனாம்பிகை இரண்டு முறை அவளை உட்கார வைத்துப் பேசிப் பார்த்திருந்தாள். இதையும் கேட்டதும், நடக்காத பேச்சு நடந்ததாக இந்தப் பெண் நினைக்கிறாள், கரையில் மனநல ஆஸ்பத்திரியில் சில வாரம் ஓய்வு வேண்டும் என்று முடிவுக்கு வந்தாள். மிதவையிலிருந்து ஒருவரை அப்படி அனுப்ப அந்த நால்வர் குழு கையெழுத்துப் போட வேண்டும். மறுநாள் மாலை கூட்டம். அதுவரை பியூலாவைப் படகில் ஏற்றக் கூடாது என்றார்கள். கையெழுத்து விழுந்தால், பள்ளிக்கூடத்தில் சேர வேண்டிய அன்று பியூலா ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடப்பாள். அந்தச் சான்றிதழோடு பிறகு எந்தப் பள்ளிக்கூடம் அவளை வாசலுக்குள் விடும்?

ஜெனிட்டா கையெழுத்துப் போடுவதாகத்தான் இருந்தாள். அறுபது வீட்டில் ஒரே ஒரு வீட்டில்தான் இந்தப் புகார். அவள் கணக்கில் அதற்கு ஒரே பெயர்தான். ஆனாலும் அந்த வீட்டுக்குள் பல மாதமாக அவள் எட்டிப் பார்க்கவில்லை. அது நெஞ்சில் முள்ளாகக் குத்திக்கொண்டே இருந்தது. மறுநாள் மத்தியானம் டம்ளரை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். சத்தம் கேட்காமல் உறைமோருக்குப் போவது வழக்கத்துக்கு விரோதம். கூச்சமாகத்தான் இருந்தது. ஆனால் ஜெனிட்டாவின் கூச்சம் வாசற்படியோடு சரி.

கதவைத் திறந்த பியூலா டம்ளரைப் பார்த்துச் சிரித்துவிட்டாள். "ஒரு சத்தமும் வந்திருக்காதேக்கா. எதுக்கு இது?"

"நெசமாவே மோர் இல்லட்டி."

"பொய்."

"பொய்தான். உள்ள விடு."

பியூலா கதவைச் சாத்தினாள். சிரிப்பு போய்விட்டது. "நல்ல நேரத்துல வந்திய. எனக்குப் பைத்தியமா இல்லியான்னு நீங்களே பாத்துச் சொல்லிருங்க. நேத்து அவிய நாற்காலில உக்காந்து சட்டைக்குப் பட்டன் தைச்சேன். பாடிக்கிட்டே தைச்சேன். பாட்டு எனக்கே கேக்கலக்கா. தலைக்குள்ள மட்டும் கிணுகிணுன்னு இருந்துச்சு. எந்திரிச்சா கேக்குது, உக்காந்தா கேக்கல. டாக்டரம்மா சொன்னது சரிதான் போலன்னு இருக்கேன். யாருகிட்டயும் சொல்லல."

"எங்க, நான் உக்காருதேன்."

எட்வினின் நாற்காலி மெத்தென்று இருந்தது. வீட்டுக்கு வந்தால் தூங்கப் போகிறவரைக்கும் அவன் இருப்பு அதில்தான். எதிரே நின்று பியூலா பேசினாள். உதடு அசைந்தது. கழுத்து நரம்பு புடைத்தது. கை வீசி வீசி எதையோ கேட்டாள். ஒரு சத்தம் இல்லை. ஜெனிட்டா காதைத் தேய்த்துவிட்டுக்கொண்டாள். பியூலா அடுக்களைக்குப் போய் ஒரு தட்டைத் தரையில் போட்டாள். தட்டு டணார் என்றது. மிக்ஸியை ஓட்டினாள், மிக்ஸி கேட்டது. மறுபடி வந்து நின்று வாயைத் திறந்தாள். அந்த வீட்டில் தட்டுக்குக் குரல் இருந்தது, மிக்ஸிக்குக் குரல் இருந்தது.

ஜெனிட்டா சுட்டதுபோல எழுந்தாள். "உனக்கு ஒரு கேடும் இல்லட்டி! இப்ப என்ன சொன்ன?"

"ஒண்ணுமில்ல. இத்தன வருசம் டம்ளரத் தூக்கிட்டு வந்தியளே, எனக்காக வந்தியளா அவியளுக்காக வந்தியளான்னு கேட்டேன்."

ஜெனிட்டா டம்ளரைக் கீழே வைத்தாள்.

சாப்பாட்டுக்கு வந்த எட்வினை இவள் வாசலிலேயே மறித்து நாற்காலியில் உட்கார வைத்தாள். "பியூலா, பேசு."

பியூலா பேசினாள். எட்வின் புன்னகையோடு தலையாட்டினான்.

"எதுக்குத் தம்பி தலையாட்டுதீரு? அவ என்ன சொன்னா?"

"சும்மா முணுமுணுக்கா. கொஞ்ச நாளாவே இப்படித்தான்க்கா, வாய் மட்டும் அசையும். மனசு அமைதியாயிட்டுன்னு நானும் சந்தோசமா இருந்தேன். தலையாட்டினா அவளும் சிரிப்பா."

"எந்திரிச்சு இந்தப் பக்கம் வாரும்."

அவன் எழுந்து இரண்டு அடி வைத்தான். பியூலாவின் குரல் முழுசாக அவன்மேல் விழுந்தது. எட்வின் திரும்பி நாற்காலியைப் பார்த்தான். திரும்பப் போய் உட்கார்ந்தான். எழுந்தான்.

"நான் எதையும் அணைக்கலக்கா. சத்தியமா அணைக்கல."

"உம்ம பலகைதான? அதுவா அணைச்சுக்குமா?"

"அதுவாத்தான்..." அவன் சொற்களைத் தேடித் தேடி எடுத்தான். "கேக்குறவருக்கு எது வேணும், எது வேண்டாம்னு அதுக்கு எப்படித் தெரியும்? ஒரு சத்தம் வந்தா அவரு திரும்பிப் பாக்குதாரா, பதில் சொல்லுதாரான்னு பாக்கும். நாள்கணக்கா எதுக்குமே திரும்பலேன்னா, அது அவருக்கு வேண்டாத ஒலி. எடுத்துரும். நம்ம குடுத்த விளக்கம்தான..."

"அப்ப பலகை வாரதுக்கு முன்னாலயே நீரு திரும்பல."

அதற்குப் பதிலைப் பியூலாதான் சொன்னாள். "காதுல விழுந்துக்கிட்டு இருந்தப்பவும் கேக்கல, விழாதப்பவும் கேக்கல. நாந்தான் வித்தியாசம் தெரியாம இருந்துட்டேன்."

மாலைக் கூட்டம் சங்க அறையில் நடக்கவில்லை. ஜெனிட்டா எல்லோரையும் பதின்மூன்றாம் வீட்டுக்கு இழுத்து வந்தாள். வக்கீல் உட்கார்ந்து பார்த்தார். டாக்டர் உட்கார்ந்தாள், நெடுநேரம் எழுந்திருக்கவில்லை. "நோய் எங்கயோ இருக்கு, மருந்த வேற ஆளுக்கு எழுதிட்டேன்" என்று எழுந்ததும் பியூலாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். சுடலைமுத்து சட்டம் பேச வாயெடுத்து, மூடிக்கொண்டார். அவருக்கும் வீட்டில் ஒரு நாற்காலி இருந்தது. அது நினைவுக்கு வந்திருக்கும்.

அன்று சாயங்காலப் படகிலேயே பியூலா கிளம்பினாள். பெட்டிகளை எட்வின்தான் சுமந்து வந்தான். "திரும்பி வருவியா?" என்று கேட்டான்.

"முதல்ல அந்த நாற்காலியக் கடல்ல போடுங்க. பெறகு பேசலாம்" என்றாள் அவள். கரை போய்ச் சேரும்வரை பேசுவதற்கு வேண்டிய தெம்போடு உட்கார்ந்திருந்ததாக, பக்கத்தில் இருந்தவர்கள் சொன்னார்கள்.

வீட்டுக்குத் திரும்பிய ஜெனிட்டாவுக்குக் கால் தரையில் பாவவில்லை. ஒரு பெண்ணைக் காப்பாற்றியாயிற்று; அதைவிட, சொல்லுவதற்கு ஒரு கதை கிடைத்தாயிற்று. கணவர் தேவசகாயம் வாசலை ஒட்டிய கட்டிலில் உட்கார்ந்து நிலக்கடலை உரித்துக்கொண்டிருந்தார். காற்றாலை ஏறி இறங்குகிற மனிதர். பகலெல்லாம் காற்றாலையில் இருப்பார். மாலையில் அடுக்களையில் நின்று இவள் பேசுவாள், அவர் சாப்பிடுவார். ஜெனிட்டா பழக்க தோஷத்தில் ஜன்னலோரத்துத் தன் வேலை மேசைக்குப் போய் உட்கார்ந்து, கடலைப் பார்த்தபடியே நடந்ததையெல்லாம் ஒன்றுவிடாமல் சொன்னாள்.

"இப்படியும் ஒரு மனுசன் இருப்பானாங்க? பொண்டாட்டி பேசுறது கேக்கலேன்னே தெரியாம இத்தன மாசம் தலையாட்டிக்கிட்டு இருந்திருக்கான்!"

பதில் இல்லை. அவளும் எதிர்பார்க்கவில்லை.

வெளியே வெளிச்சம் குறைந்தது. ஜன்னல் கண்ணாடி கடலை மறைத்துவிட்டு அறையைக் காட்டத் தொடங்கியது. அதில் கட்டில் தெரிந்தது. கட்டிலில் தேவசகாயம் தெரிந்தார். அவர் வாய் அசைந்துகொண்டிருந்தது. கடலை மெல்லுகிற அசைவாக அது இல்லை. நடுவில் நிறுத்தினார், லேசாகச் சிரித்தார், ஒரு கையை விரித்துக் காட்டினார், மறுபடி தொடர்ந்தார்.

ஜெனிட்டா உடனே திரும்பவில்லை. மேசையைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். ஓர் அடி. இன்னோர் அடி.

"...அதத்தான் சொல்லுதேன் ஏட்டி. டாக்டரம்மா சொன்னத அன்னைக்கு உங்கிட்டச் சொல்லும்போது எனக்கு அவ்வளவு பயமா இருந்துச்சு. நீ ஊரக் கூட்டிருவன்னு நெனச்சேன். நீ திரும்பிக்கூடப் பாக்காம, அதுக்கென்னங்குத மாதிரி தலையாட்டினியே, அதோட பாதிப் பயம் போச்சு பாத்துக்க."

எண்களை எண்ணும்போது அவளுக்குத் தலை தானாக ஆடும். சின்ன வயதிலிருந்தே உள்ள பழக்கம்.

தேவசகாயம் நிமிர்ந்து பார்த்தார். "என்னட்டி எந்திரிச்சுட்ட? சத்தமாச் சொல்லணுமா?"

"இல்ல. இப்படியே சொல்லுங்க."

"இன்னும் என்னத்தச் சொல்ல? தெனமும்தான் நீ மேசையில வேலையா உக்காந்திருக்கும்போது சொல்லுதேன். வியாழக்கெழம ஆப்பரேசன். நீ கூட வாரேன்னு தலையாட்டினதே எனக்குப் போதும். முன்னாலல்லாம் நான் ஒண்ணு சொன்னா நீ ஒம்பது சொல்லுவ. இப்ப எவ்வளவு பொறுமையாக் கேக்குத! டாக்டரம்மாகிட்டகூடச் சொன்னேன், எம் பொண்டாட்டிக்குத் தைரியம் சாஸ்தின்னு."

எட்டாம் மிதவையில் யாருக்குச் சர்க்கரை, யாருக்கு மூட்டுவலி, யார் எந்த மாத்திரையை யாருக்குத் தெரியாமல் விழுங்குகிறார்கள் என்பதெல்லாம் ஜெனிட்டாவுக்கு அத்துப்படி. என்ன ஆப்பரேசன்? எங்கே? எப்போதிலிருந்து? நாக்கின் நுனியில் கேள்விகள் முட்டிக்கொண்டு நின்றன. ஒன்றை வெளியே விட்டாலும், அவரிடமிருந்து போன பாதிப் பயம் திரும்பி வந்துவிடும்.

முக்காலியை இழுத்துக் கட்டிலுக்குப் பக்கத்தில் போட்டாள். அவருக்கு எதிராக உட்கார்ந்தாள். ஒரு கைப்பிடி கடலையை அள்ளி மடியில் போட்டுக்கொண்டு உரிக்கத் தொடங்கினாள்.

"அப்புறம்?" என்றாள்.